‘ஒத்துக்கொள், அபராதத்தோடு முடிந்துவிடும்’: இலவச வழக்கறிஞரின் ஆலோசனை தவறிப்போனால்

தண்டனையை வாசித்து முடித்த பிறகுதான் பெரும்பாலான குடும்பங்களுக்கு விஷயம் உறைக்கிறது. காலையில் கோர்ட் லோக்கப் வாசலில் ஐந்து நிமிடம் பேசிய வழக்கறிஞர் அபராதம் என்றார். மத்தியானம் பையன் சிறை வண்டியில் ஏறுகிறான். அம்மாவுக்கு மலாய் சரளமாக வராது. அப்பா பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்கு) போகாமல் நேரே கோர்ட்டுக்கு வந்திருப்பார். கையில் ஒரு தாள்கூட இருக்காது. அந்த இடத்தில் நிற்பவர்கள் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே இருப்பது. பெஸ்தாரி ஜெயா (நமக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) போன்ற தோட்டப் பட்டணத்திலிருந்து கோல சிலாங்கூர் கோர்ட்டுக்குப் போய்வரும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். தீபகற்ப மலேசியாவின் மற்றப் பட்டணங்களுக்கும் இதே சட்டம்தான்.

முதலில் தேதியைக் குறியுங்கள்

தண்டனை விதிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு, அதாவது ‘நோட்டிஸ் ராயுவான்’, தண்டனை கொடுத்த அதே கோர்ட்டின் பதிவகத்தில் போய்ச் சேர வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307ஆவது பிரிவு வைத்திருக்கும் கெடு இது. சனி, ஞாயிறு, தீபாவளி, தைப்பூசம் எதுவும் உங்களுக்காகக் காத்திருக்காது. ஆகவே பத்தாவது நாளையே கடைசி நாளாக வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கறிஞர் மேல் கோபம் வந்ததும் நம் ஆட்கள் புகார் எழுத ஓடுகிறார்கள். கோயில் தலைவரைப் பார்ப்பது, கட்சிக் கிளைத் தலைவரைப் பார்ப்பது, சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் மனு கொடுப்பது என்று இரண்டு வாரம் போய்விடுகிறது. புகார் ஒரு நாள் தண்டனையைக்கூடக் குறைக்காது. அது வழக்கறிஞரின் நடத்தையைப் பற்றிய தனி விசாரணை. வழக்கைத் திருத்தும் வழி கோர்ட்டுக்குள் மட்டுமே இருக்கிறது, அதற்குத்தான் கெடு இருக்கிறது. வழக்கை முதலில் பாருங்கள். புகாரைப் பிறகு எழுதலாம்.

உங்களுக்கு வந்தவர் யார்?

இலவசமாக வரும் வழக்கறிஞர் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஒய்பிஜிகே எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம் அனுப்பியவர் என்றால், அவர் சொந்த அலுவலகம் வைத்திருக்கும் தனியார் வழக்கறிஞர். அறவாரியத்தின் பட்டியலில் பெயர் கொடுத்து இந்த வேலையைச் செய்கிறார். சட்ட உதவித் துறையிலிருந்து, அதாவது ஜேபிஜியிலிருந்து வந்தவர் அரசு ஊழியர். குற்ற வழக்குகளில் இவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனைக் குறைப்பு வாதத்தையும் சிறார் வழக்குகளையும் பார்க்கிறார்கள். மரண தண்டனை வரக்கூடிய வழக்கு என்றால் உயர்நீதிமன்றமே ஒருவரை நியமித்து, அரசாங்கம் கட்டணம் கொடுக்கும். வழக்கறிஞர் சங்கத்தின் சட்ட உதவி மையங்கள் இவற்றுக்கு வெளியே தனியாக இயங்குகின்றன.

வந்தவரின் பெயர், அலுவலகம், எந்த அமைப்பு அனுப்பியது என்ற மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். மாற்று வழக்கறிஞரைக் கேட்கவும் பிறகு புகார் கொடுக்கவும் இவை வேண்டும். அறவாரியமோ கோர்ட்டோ நியமித்தவர் உங்களிடம் தனியாகக் கட்டணம் கேட்கக் கூடாது. ‘மாஜிஸ்திரேட்டிடம் பேசிக்கொள்கிறேன், இரண்டாயிரம் வெள்ளி கொடுங்கள்’ என்று கோர்ட் கேண்டீனில் வந்து உட்காருபவர் வழக்கறிஞரே இல்லை. எழுந்து போய்விடுங்கள்.

கெட்ட செய்தி வேறு, தவறான ஆலோசனை வேறு

‘சிறைக்குப் போக வாய்ப்பு அதிகம்’ என்று சொல்வது தவறான ஆலோசனை அல்ல. கேட்கப் பிடிக்காத உண்மையைச் சொன்னவர் நல்ல வழக்கறிஞராகவே இருக்கலாம். தவறான ஆலோசனைக்கு வேறு அடையாளங்கள் உண்டு. குற்றச்சாட்டின் பிரிவு எண்ணைக்கூடச் சொல்லாமல் ‘சின்ன கேஸ்’ என்பது. என்ன நடந்தது என்று பையனிடம் கேட்காமலே ஒப்புக்கொள்ளச் சொல்வது. ‘அபராதம்தான், கேரண்டி’ என்று வாக்குக் கொடுப்பது. தண்டனையை முடிவு செய்வது நீதிபதி. எந்த வழக்கறிஞரும் அந்த வாக்கைக் கொடுக்க முடியாது.

சரிபார்க்க எளிய வழி, குற்றச்சாட்டுத் தாளில், அதாவது ‘கெர்தாஸ் பெர்த்துடுஹானில்’ கீழே அச்சிட்டிருக்கும் தண்டனைப் பிரிவைப் பார்ப்பது. அடிக்கடி வரும் சிலவற்றைச் சொல்கிறோம். குற்றவியல் சட்டத்தின் 379ஆவது பிரிவு திருட்டுக்கானது. தோட்டத்தில் செம்பனைக் குலை திருட்டு வழக்குகள் இதில்தான் வரும். ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. 323, ஆயுதம் இல்லாத அடிதடி: ஓராண்டு வரை சிறை, 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சண்டையில் பாராங் கத்தியோ மண்வெட்டியோ வந்துவிட்டால் 324. சிறை பத்தாண்டு வரை போகும். ‘சண்டை கேஸ்தானே’ என்று இரண்டையும் ஒன்றாகப் பேசும் வழக்கறிஞர் தாளைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

போதைப்பொருள் வழக்கில் எடைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 12ஆவது பிரிவில் சாதாரணமாக வைத்திருந்தால் அபராதத்தோடு தப்பும் வாய்ப்பு உண்டு. ஹெராயின் 2 கிராமைத் தொட்டுவிட்டால் 39ஏ(1) வந்துவிடும். அதில் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு சிறை; மூன்று முதல் ஒன்பது பிரம்படி. 5 கிராமைத் தொட்டால் 39ஏ(2): குறைந்தது ஐந்து ஆண்டு, பத்துக்குக் குறையாத பிரம்படி. மெத்தம்பெட்டமைன் என்றால் இந்தக் கோடுகள் 5 கிராமிலும் 30 கிராமிலும் இருக்கின்றன; கஞ்சா என்றால் 20 கிராமிலும் 50 கிராமிலும். 39ஏ வந்துவிட்டால் வெறும் அபராதம் கொடுக்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை. போலீஸ் பிடித்தபோது பாக்கெட்டோடு நிறுத்த எடையை வைத்து எதுவும் முடிவாகாது. வேதியியல் துறை அறிக்கையில் இருக்கும் தூய எடைதான் கணக்கு. அந்த அறிக்கை வருமுன் ‘ஒத்துக்கொள்’ என்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றில் இறங்கச் சொல்கிறார்.

போதைப்பொருள் எடுத்ததற்கான 15ஆவது பிரிவில் அபராதம் 5,000 வெள்ளி வரை, அல்லது சிறை இரண்டு ஆண்டு வரை. அதற்குப் பின்னால் 38பி பிரிவின்படி இரண்டிலிருந்து மூன்று ஆண்டு கண்காணிப்பு தொடரும் என்பதை முன்கூட்டியே சொல்பவர்கள் குறைவு. குடித்துவிட்டு லாரி ஓட்டிய வழக்கும் இப்படித்தான். 2020 திருத்தத்துக்குப் பிறகு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45ஏ பிரிவில் முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. குறைந்தது இரண்டு ஆண்டு லைசென்சும் போய்விடும். குலை லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த இரண்டு ஆண்டுதான் உண்மையான தண்டனை. அபராதத் தொகையை மட்டும் சொல்லி ஒப்புக்கொள்ளச் சொன்னால் அது முழு ஆலோசனை ஆகாது.

பாலாயிலும் (போலீஸ் நிலையம்) ரிமானிலும் (விசாரணைக் காவல்)

இந்தக் கட்டத்தில் தவறு நடந்திருந்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (இனி வரும் பிரிவு எண்கள் எல்லாம் இதிலுள்ளவை) 117ஆவது பிரிவின்படி, பதினான்கு ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் ரிமான் நான்கு நாள் வரை, இரண்டாவது மூன்று நாள் வரை. அதற்கு மேலான குற்றம் என்றால் ஏழும் ஏழும். ‘போலீஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு, விட்டுவிடுவார்கள்’ என்று யாராவது சொல்லியிருந்தால், அடுத்த வாக்குமூலத்திலிருந்து நிறுத்துங்கள். 112ஆவது பிரிவு வாக்குமூலத்தில் தன்னைக் குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். பெயர், ஐசி, முகவரி கொடுத்துவிட்டு ‘கோர்ட்டில் சொல்கிறேன்’ என்றால் போதும்.

குற்றம் சாட்டியாயிற்று, இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை

எல்லாக் கதவும் திறந்திருக்கும் கட்டம் இதுதான். அவசரப்படுத்தினால் சொல்ல வேண்டியது ஒரே வரி: ‘சாயா மொஹொன் பிச்சாரா’, விசாரணை வேண்டும் என்று. இப்படிச் சொல்வதால் பின்னால் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு போய்விடாது. விசாரணைக்கு முன்னால் எந்த நாளும் மனம் மாற்றலாம். சீக்கிரம் ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைப்பது கோர்ட் வழக்கம் என்பது உண்மை. ஆனாலும் ஒரு தேதி தள்ளி, தாள்களைப் படித்துவிட்டு முடிவெடுப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

எந்தத் தாள்கள்? 51ஏ பிரிவின்படி விசாரணை தொடங்குமுன் அரசுத் தரப்பு முதல் தகவல் அறிக்கையையும் தான் தாக்கல் செய்யப்போகும் ஆவணங்களையும் தர வேண்டும். உங்கள் தரப்புக்குச் சாதகமான விவரங்களையும் எழுத்தில் தர வேண்டும். இவற்றைப் பார்க்காமல் கொடுத்த ஆலோசனை பாதி ஆலோசனை.

அரசுத் தரப்பு வழக்கறிஞரான டிபிபிக்கு ‘சூராட் ரெப்ரெசென்தாசி’ எழுதலாம் என்பதைச் சொல்லாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. குற்றச்சாட்டை மீட்டுக்கொள்ள அல்லது குறைந்த பிரிவுக்கு மாற்றக் கேட்கும் கடிதம் அது. ‘பையன் நல்லவன்’ என்று எழுதினால் அசையாது, ஆதாரம் வேண்டும். செம்பனைக் குலை வழக்கையே எடுத்துக்கொள்வோம். மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) ஏற்றச் சொன்னார், கூலிக்கு ஏற்றினேன், அது வேறு தோட்டத்துக் குலை என்று தெரியாது என்பவரிடம் திருட்டு எண்ணம் இல்லை. திருட்டுக் குற்றத்துக்கு அந்த எண்ணம்தான் உயிர். செக்ரோல் (கூலிப் பதிவேடு) நகல், அன்றைய பெரட்டுப் பதிவு, எடைமேடைச் சீட்டு, மண்டோர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்செய்தி என்று எது கிடைத்தாலும் கடிதத்தோடு இணையுங்கள். தோட்ட ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தர்) நகலை உடனே கேளுங்கள். மாதம் ஆக ஆகப் பழைய தாள்களைத் தேடிப் பிடிப்பது கடினம்.

‘அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை’ என்பதுதான் உங்கள் வாதமா? அதற்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும்: எங்கே இருந்தார், யார் சாட்சி என்ற விவரத்தோடு. 402ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. வழக்கறிஞர் இதை மறந்துவிட்டால், விசாரணை நாளில் பத்துப் பேரைச் சாட்சிக்குக் கூட்டிப் போனாலும் கேட்க மாட்டார்கள். முதல் சந்திப்பிலேயே ‘அலிபி நோட்டிஸ் கொடுத்தாயிற்றா?’ என்று கேட்டுவிடுங்கள்.

172சி பிரிவில் பேரம் பேசி ஒப்புக்கொள்ளும் வழியும் இருக்கிறது. அதற்கு எழுத்து விண்ணப்பம் உண்டு. உடன்பாடு ஏற்பட்டால் தண்டனை உச்ச அளவில் பாதிக்கு மேல் போகாது. சில கடுமையான குற்றங்களுக்கு இது பொருந்தாது. கோர்ட் வராந்தாவில் டிபிபியிடம் பேசிவிட்டு வந்து ‘பேசியாயிற்று’ என்று சொல்வது 172சி ஆகாது. விண்ணப்பத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒப்புக்கொண்டாயிற்று, தண்டனை இன்னும் வரவில்லை

நம் ஆட்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒருவர் ‘மெங்காக்கு சாலா’ (குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்) என்று சொன்னதும் வழக்கு முடிந்துவிடுவதில்லை. குற்றச்சாட்டின் தன்மையும் ஒப்புக்கொள்வதன் விளைவும் அவருக்குப் புரிந்திருக்கிறதா, எந்த நிபந்தனையும் இல்லாமல்தான் ஒப்புக்கொள்கிறாரா என்று கோர்ட் உறுதிசெய்ய வேண்டும். 173ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. பிறகு டிபிபி வழக்கின் விவரத்தை, ‘ஃபக்தா கேஸை’ வாசிப்பார். அதையும் அவர் ஏற்க வேண்டும். நடைமுறையில் இது இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். மொழிபெயர்ப்பாளர் ‘ஃபாஹாம்?’ என்பார், பையன் தலையாட்டுவான். பதிவேட்டில் ‘புரிந்துகொண்டார்’ என்று ஏறிவிடும். பள்ளியில் அதட்டினால் தலையாட்டிப் பழகிய பிள்ளைகள் நம்முடையவர்கள். கோர்ட்டில் அந்தத் தலையாட்டலுக்கு விலை அதிகம்.

தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உரிமை. ‘சாயா மாஹு ஜுருபஹாசா தமில்’ என்றால் போதும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் அன்று இல்லையென்றால் வழக்கைச் சற்று ஒதுக்கிவைக்கக் கேட்கலாம். மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள். சந்தையில் பேசும் மலாய் வேறு, குற்றச்சாட்டுத் தாளின் மலாய் வேறு.

தண்டனை விதிக்கும்வரை ஒப்புதலைத் திரும்பப் பெற அனுமதி கேட்கலாம். அனுமதிப்பதா வேண்டாமா என்பது நீதிபதியின் முடிவு. காரணம் நியாயமாக இருந்தால் கொடுப்பார்கள். தண்டனை பெரிதாக வரும் என்று தெரிந்ததால் மட்டும் மாறுவதை ஏற்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய வரி: ‘சாயா தாரிக் பாலிக் பெங்காக்குவான் சாலா சாயா’. தொடர்ந்து காரணத்தை நேராகச் சொல்ல வேண்டும். பிரிவின் குறைந்தபட்சத் தண்டனை எனக்குச் சொல்லப்படவில்லை. அல்லது, ஏற்றிய குலை திருட்டுக் குலை என்று எனக்குத் தெரியாது. வழக்கறிஞரைத் திட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நீதிபதி கேட்க விரும்புவது, ஒப்புதல் உண்மையான ஒப்புதலா இல்லையா என்பது மட்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தண்டனைக் குறைப்பு வாதத்தின்போது ‘அது திருட்டுப் பொருள் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன்’ என்று அவர் சொல்லிவிட்டால், அது நிபந்தனையோடு கூடிய ஒப்புதல். கோர்ட் அதை நிராகரித்து வழக்கை விசாரணைக்கு அனுப்ப வேண்டும். இந்த வார்த்தையை அவர் சொல்லியும் கோர்ட் கவனிக்காமல் தண்டித்திருந்தால், மேல்முறையீட்டில் அதுவே உங்களுடைய பலமான பிடி. அதனால் குடும்பத்தில் ஒருவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டே இருங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யாதீர்கள். அனுமதி கிடையாது, தனி வழக்காகிவிடும்.

ஒப்புதல் சரியானதுதான் என்றாலும், குறைப்பு வாதத்தில் விடுபடுபவை உண்டு. சிறு குற்றமாக இருந்தால் 173ஏ பிரிவில் குற்றத்தீர்ப்பைப் பதியாமலே விடுவிக்கலாம். 294இல் நன்னடத்தைப் பிணை கேட்கலாம். பதினெட்டு முடிந்து இருபத்தொன்று ஆகாதவருக்கு 293இல் தனி ஏற்பாடு இருக்கிறது. பதினெட்டு ஆகாதவர் என்றால் சிறார் சட்டம் 2001இன்படி வழக்கே சிறார் நீதிமன்றத்தில் நடக்க வேண்டும். ஐசியும் பிறப்புப் பத்திரமும் கொண்டுபோங்கள். எல்லாக் குற்றத்துக்கும் இந்த வழிகள் திறக்காது என்றாலும், கேட்டுப் பார்க்காத வழக்கறிஞர் தன் வேலையைச் செய்யவில்லை. சிறை உறுதி என்றால் ‘கைதான நாளிலிருந்து’ என்று ஆணையிடக் கேட்க வேண்டும். நீதிபதி தனியாகச் சொல்லாவிட்டால் தண்டனை அன்றுதான் தொடங்கும். ஜாமீன் கட்ட முடியாமல் உள்ளே இருந்த மாதங்கள் கணக்கில் வராமல் போகும்.

தண்டனைக்குப் பிறகு

ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 305ஆவது பிரிவு. இதைக் காட்டித்தான் ‘ஒப்புக்கொண்டாய், இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். அது முழு உண்மை அல்ல. ஒப்புதலே செல்லாதது என்று காட்ட முடிந்தால் உயர்நீதிமன்றம் தலையிடும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 323, 325 பிரிவுகளின்கீழ் (அடிதடிக்கான 323 வேறு) கீழ்க்கோர்ட்டின் பதிவேட்டை வரவழைத்துச் சீராய்வு செய்யும் அதிகாரமும் அதற்கு உண்டு. கோல சிலாங்கூர் வழக்கு என்றால் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம்.

கையில் இருக்க வேண்டிய தாள் ‘நோட்டா கெத்தெராங்கான்’, கோர்ட்டின் நடவடிக்கைக் குறிப்பு. மேல்முறையீட்டு அறிவிப்போடு சேர்த்தே இதற்கும் எழுதிக் கேளுங்கள். அந்தக் கோர்ட்டில் ஒலி-ஒளிப் பதிவு வசதி இருந்தால் பதிவையும் கேளுங்கள். குறிப்பு வந்ததும் தேட வேண்டியவை: மொழிபெயர்ப்பாளர் யார், எந்த மொழியில்? விளைவுகள் விளக்கப்பட்டதாக எழுதியிருக்கிறதா? வேதியியல் அறிக்கை அன்று கோர்ட்டில் இருந்ததா? குறைப்பு வாதத்தில் அவர் சொன்னது அப்படியே இருக்கிறதா?

மேல்முறையீட்டுப் பதிவு கைக்கு வந்ததும் இன்னொரு பதினான்கு நாள் கெடு தொடங்குகிறது. அதற்குள் காரணங்களை எழுதிய ‘பெதிஷென் ராயுவான்’ தாக்கல் செய்ய வேண்டும். முதல் கெடுவைப் பிடித்துவிட்டு இரண்டாவதைக் கோட்டைவிடுபவர்கள் நிறைய. பதிவு எப்போது வந்தது என்பதைக் கவரின் மேல் தேதியோடு எழுதுங்கள்.

சிறையில் இருப்பவர் அங்கிருந்தே செய்யலாம். சிறை அதிகாரியிடம் வாய்மொழியாகவோ எழுத்திலோ மேல்முறையீடு வேண்டும் என்று கெடுவுக்குள் சொன்னால் சட்டம் அதை ஏற்கிறது. முதல் சந்திப்பிலேயே ‘ராயுவான் சொல்லிவிட்டாயா, எந்த அதிகாரியிடம், எந்தத் தேதி?’ என்று கேளுங்கள். குடும்பம் வெளியில் ஒரு முறை, கைதி உள்ளே ஒரு முறை என்று இரண்டு வழியிலும் கொடுத்தாலும் குற்றமில்லை.

பிரம்படி தண்டனை இருந்தால், மேல்முறையீடு செய்ததுமே அது நிறுத்திவைக்கப்படும். சிறைத் தண்டனை தானாக நிற்காது. 311ஆவது பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஜாமீனும் கேட்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கும் பெண்களுக்கும் பொதுவாகப் பிரம்படி கிடையாது. ஆணையில் தவறாக வந்திருந்தால் அதையும் காரணமாக எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உயர்நீதிமன்றத்தால் தண்டனையைக் கூட்டவும் முடியும். ஆகவே ‘போட்டுத்தான் பார்ப்போமே’ என்று போகாதீர்கள். அறிவிப்பை மட்டும் கெடுவுக்குள் கொடுத்து இடத்தைப் பிடித்துவையுங்கள். பதிவைப் படித்த புதிய வழக்கறிஞர் வேண்டாம் என்றால் மீட்டுக்கொள்ளலாம்.

பதினான்கு நாள் ஏற்கெனவே போய்விட்டதா? கால நீட்டிப்புக் கேட்டு உயர்நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சத்தியப்பிரமாணத்தில் இருக்க வேண்டும்: சிறை மாற்றம், வழக்கறிஞர் தொலைபேசி எடுக்காதது, எந்தத் தேதியில் யாரைப் பார்த்தீர்கள் என்பது. ‘தெரியவில்லை’ என்று மட்டும் எழுதினால் எடுபடுவது கடினம்.

வழக்கறிஞரின் திறமையின்மையே காரணம் என்றால்

நம் நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் இந்தக் காரணத்தை ஏற்கும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் குறுகலானது. வழக்கறிஞர் வேறு மாதிரி வாதாடியிருக்கலாம், இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம் என்பது போதாது. அப்பட்டமான திறமையின்மை இருந்தது, அதனால் நியாயமான விசாரணையே கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். வலுவான சாட்சி இருப்பதாகச் சொல்லியும் அழைக்காதது, முக்கியமான தற்காப்பை முற்றிலும் விட்டுவிட்டது போன்றவை அந்த எல்லைக்கு அருகில் வரும்.

இதை எழுப்பினால் பழைய வழக்கறிஞருக்கும் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுப்பார்கள். அவர் தன் குறிப்புகளையும் நீங்கள் கையெழுத்திட்ட அறிவுறுத்தல் தாளையும் கொண்டுவருவார். அவரிடம் பேசியதில் இருந்த இரகசியப் பாதுகாப்பும் அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும். புரியாமல் கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது உண்டா என்று பையனிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வழக்கறிஞரை மாற்றுவது

முதலில் பழையவரிடமே ஒரு முறை கேளுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தில்: ‘எந்தப் பிரிவு, குறைந்த தண்டனை என்ன, 51ஏ ஆவணங்கள் வந்தனவா, ரெப்ரெசென்தாசி கொடுத்தீர்களா?’ மரியாதையாகக் கேளுங்கள். காலையில் பல பேருடைய வழக்கைப் பார்த்து ஓடுபவருக்கு உண்மையிலேயே விட்டுப்போயிருக்கலாம். பல சமயம் இந்த ஒரு செய்தியிலேயே காரியம் நேராகிவிடும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செய்தி பிறகு ஆதாரம்.

பதில் இல்லையென்றால் அவரை அனுப்பிய அமைப்புக்கு மாற்று வழக்கறிஞர் கேட்டு எழுதுங்கள்: வழக்கு எண், கோர்ட், அடுத்த தேதி, தவறாகச் சொல்லப்பட்டது என்ன என்று நான்கு வரி. ‘நம்பிக்கை இல்லை’ என்பது மட்டும் காரணமாகாது. கோப்பின் நகலையும் கேளுங்கள். அடுத்த தேதியில் புதியவர் வராவிட்டாலும் குற்றம் சாட்டப்பட்டவர் கட்டாயம் போக வேண்டும். போகாவிட்டால் பிடிவாரண்டும் ஜாமீன் பறிமுதலும்தான். பழையவரை விடுவித்துவிட்டு, புதியவர் இல்லாமல் விசாரணை நாளில் தனியாக நிற்பது எல்லாவற்றிலும் மோசமானது. பழையவர் போகுமுன் புதியவர் உறுதியாக வேண்டும்.

புகார்

ஒய்பிஜிகே பட்டியலில் இருப்பவரும் கோர்ட் நியமித்த தனியார் வழக்கறிஞரும் வழக்கறிஞர் தொழில் சட்டம் 1976இன் கீழ் வருகிறவர்கள். அவர்கள் மீதான புகாரை எழுத்தில் வழக்கறிஞர் ஒழுங்கு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அறவாரியத்துக்கும் ஒரு நகல். சட்ட உதவித் துறை அதிகாரி என்றால் அந்தத் துறையின் தலைமை இயக்குநருக்கும் பொதுப் புகார் பிரிவுக்கும் போக வேண்டும். தேதி வாரியாக, நடந்ததை மட்டும் எழுதுங்கள். ‘12ஆம் தேதி காலை 9 மணிக்கு லோக்கப்பில் அபராதம் மட்டும் என்றார், குற்றச்சாட்டுப் பிரிவில் குறைந்தது இரண்டு ஆண்டு சிறை’ என்ற ஒரு வரி, மூன்று பக்க அழுகையைவிட அதிகம் வேலை செய்யும். குற்றச்சாட்டுத் தாள், வாட்ஸ்அப் நகல், நோட்டா கெத்தெராங்கான் மூன்றையும் இணையுங்கள். மூலத்தாள் எதையும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். அனுப்பியதற்கான தபால் ரசீதை மேல்முறையீட்டுத் தாள்கள் இருக்கும் அதே பையில் வையுங்கள்.